வைசரை உயர்த்திய பிறகும் ஹெல்மெட் உலுக்குவது ஏன்?

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து, வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் உள்ள தொழிற்சாலைக்குப் பாதி ஃபேரிங் (வண்டியின் முன்பகுதியை மூடிக் காற்றை விலக்கும் உறை) கொண்ட 220 சிசி பைக்கில் அன்றாடம் போய் வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செங்குன்றம் தாண்டி வண்டி 75, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஹெல்மெட் படபடவென்று உலுக்கத் தொடங்குகிறதாம். வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கழுத்து கனத்துக் காதில் இரைச்சல் தங்கிவிடுகிறதாம். வண்டியோடு வந்த சிறிய வைசரை, அதாவது வண்டியின் முகப்பில் நிற்கும் காற்றுத் தடுப்பைக் கழற்றிவிட்டு, அதைவிட 4 அங்குலம் உயரமான வைசரை மாட்டிய பிறகு தொல்லை கூடியதே தவிரக் குறையவில்லை என்கிறார். இன்னும் உயரமான வைசரை வாங்குவதா, விலை கூடிய ஹெல்மெட்டுக்கு மாறுவதா என்பது அவருடைய கேள்வி. தம் உயரம் 5 அடி 11 அங்குலம் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். பதிலுக்கு மிகவும் தேவையான செய்தி அதுதான்.

தம்பி, இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் உயரத்துக்கும், நீங்கள் போகும் சாலைக்கும், நம் ஊர் வெயிலுக்கும் வைசரை மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

காற்று நேராகவும் சீராகவும் வந்து ஹெல்மெட்டில் மோதினால் தலை பின்னோக்கித் தள்ளப்படுமே தவிர உலுக்கப்படாது. ஃபேரிங் இல்லாத வண்டியை ஓட்டுபவர்கள் மார்பில் காற்று அறைகிறது என்று குறைப்படுவார்கள். பார்வை அதிர்கிறது என்று சொல்பவர் குறைவு. உலுக்கலைப் பிறப்பிப்பது காற்றின் வலிமை அன்று, அதன் ஒழுங்கின்மை. வைசரின் மேல் விளிம்பை விட்டு வெளியேறும் காற்று வேகமாகப் பாய்கிறது. வைசருக்குப் பின்னால், டேங்க்குக்கும் உங்கள் மார்புக்கும் நடுவே உள்ள இடத்தில் காற்று ஏறக்குறைய நின்றுபோய், அழுத்தமும் குறைந்து கிடக்கிறது. வேகமாக ஓடும் காற்றும் தேங்கிய காற்றும் உரசும் அந்த எல்லையில் சுழல்கள் உருண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்ந்து பின்னோக்கிப் போகின்றன. திருவொற்றியூர்க் கரையில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் மேல் நின்று பார்த்திருப்பீர்கள்: வெளிப்பக்கம் அலை ஒழுங்காக வரும், உட்பக்கம் நீர் அடங்கிக் கிடக்கும், கல் முடியும் முனையில் மட்டும் நீர் சுழன்று கொந்தளிக்கும். உங்கள் ஹெல்மெட் இப்போது அந்த முனையில் இருக்கிறது.

சுழல்கள் எத்தனை விரைவாகப் பிய்கின்றன என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். தட்டையான ஒரு தடையின் பின்னால் நொடிக்கு எத்தனை சுழல்கள் பிரியும் என்பது, காற்றின் வேகத்தைத் தடையின் அகலத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் கிடைப்பதற்கு நெருங்கி இருக்கும். 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். வைசர் மேல்பகுதியின் அகலத்தை 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 15 முறை ஹெல்மெட்டின் மேல் அடி விழுகிறது. முன்னே போகும் வண்டியின் எண் பலகை மங்கித் தெரிவதும், மாலையில் கழுத்து விறைத்துப்போவதும் இதனால்தான். அடியின் வலிமையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 40-இல் உள்ளதைப் போல 80-இல் நான்கு மடங்கு. ஆகவே ஊருக்குள் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, மாதவரம் தாண்டிச் சாலை விரிந்ததும் தொல்லை திடீரென்று முளைப்பது போல இருக்கும்.

இப்போது உங்கள் 4 அங்குல வைசருக்கு வருவோம். பழைய சிறிய வைசர் காற்றை உங்கள் தோள்மட்டத்துக்கோ கழுத்துக்கோ எறிந்துகொண்டிருந்திருக்கும். சுழல்களின் மேல்பகுதி மட்டும் ஹெல்மெட்டின் தாடையைத் தொட்டிருக்கும். புதியது அதே காற்றை நேராக நெற்றிக்குக் கொண்டுவந்துவிட்டது. அதோடு, உயரமும் அகலமும் கூடிய வைசருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடமும் பெரிதாகிறது. அது மேலே ஓடும் காற்றை உள்நோக்கி இழுப்பதால் சுழல்களும் பெரிதாகின்றன. ஹெல்மெட் முழுவதும் வைசரின் மறைவுக்குள் அடங்க வேண்டுமானால், உங்கள் உயரத்துக்கு இன்னும் ஒரு சாண் அளவுக்கு வைசரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது விளிம்பு கண்மட்டத்தில் வந்து நிற்கும். இரவில் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு அந்த விளிம்பிலும் கீறல்களிலும் சிதறும்போது சாலையே தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலில் காற்றே படாத கூட்டுக்குள் உட்கார்ந்து என்ஜின் சூட்டை மூச்சில் வாங்குவது வேறு. குளிர்நாட்டில் நெடுந்தூரம் போவதற்கென்று உருவான உயரமான வைசரை இங்கே அப்படியே பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உற்பத்தியாளர்கள் இதையெல்லாம் சோதிப்பதில்லையா என்று கேட்கலாம். சோதிக்கிறார்கள். இத்தாலியின் மோட்டோ குட்ஸி 1950-இலேயே தன் தொழிற்சாலையில் காற்றுச் சுரங்கம் (வண்டியை நிறுத்தி வைத்துக் காற்றை அதன்மேல் பாய்ச்சிச் சோதிக்கும் கூடம்) கட்டியது, பி.எம்.டபிள்யூ. 1976-இல் வெளியிட்ட ஆர்100ஆர்எஸ் வண்டியின் முழு ஃபேரிங் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஆனால் எந்தச் சுரங்கத்திலும் ஒரு குறிப்பிட்ட உயரம் கொண்ட ஓட்டுநரை அமர்த்தித்தான் சோதிக்க முடியும். 5 அடி 5 அங்குலம் உள்ளவருக்குச் சரியாக இருக்கும் விளிம்பு, 5 அடி 11 அங்குலம் உள்ளவருக்குச் சரியாக அமைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்னொன்று, நம் சாலைகளில் ஓடும் ஃபேரிங் வண்டிகளின் உருவம் பந்தயத்திலிருந்து வந்தது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைவதற்கு முன்பு, நீங்கள் நாள்தோறும் கடந்து போகும் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. நேர்ச்சாலையில் பந்தய வீரர்கள் டேங்க்கின் மேல் மார்பைப் பதித்து, தாடை டேங்க்கைத் தொடும்படி படுத்துக்கொண்டுதான் ஓட்டுவார்கள். அந்தக் குனிந்த தலைக்கு அளவெடுத்த சிறிய வைசர், நிமிர்ந்து உட்கார்ந்து வேலைக்குப் போகிறவருக்கு அரைகுறையாகத்தான் உதவும்.

எதையும் கழற்றுவதற்கு முன் உலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முதலில், ஆடுவது ஹெல்மெட்டா ஹேண்டில்பாரா என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் நடுக்கம் தெரிந்தால் அது காற்றின் வேலையாக இல்லாமல் இருக்கலாம். டயரின் காற்றழுத்தம், வீலின் பேலன்ஸ், ஹேண்டில் திரும்புவதைத் தாங்கும் கோன்செட் பேரிங்கின் தேய்மானம் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அதன்பிறகு வைசரைப் பற்றி யோசிக்கலாம்.

காற்றைச் சோதிக்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உகந்தது. காற்று அடங்கியிருக்க வேண்டும், சாலையில் கன்டெய்னர் லாரிகள் குறைவாக இருக்க வேண்டும். காரனோடைப் பாலம் தாண்டித் தச்சூர் கூட்டுச்சாலை நோக்கிப் போகும் நேரான பகுதி போதும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80 என்பதால், அந்த வேகத்தைத் தாண்டாமலேயே சோதனையை முடிக்கலாம். வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு, இருக்கையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மட்டும் எழும்புங்கள். உலுக்கல் சட்டென்று அடங்கி, சீரான காற்று முகத்தில் பட்டால், தூய காற்று உங்கள் தலைக்குச் சற்று மேலேதான் ஓடுகிறது என்று பொருள். வைசரைத் தாழ்த்தினால் அந்தக் காற்று கீழே இறங்கி உங்களிடம் வந்துவிடும். அடுத்து, உட்கார்ந்து தலையை மட்டும் சிறுகச் சிறுகக் குனியுங்கள். எவ்வளவு குனிந்தால் அமைதி வருகிறது என்று கவனியுங்கள். ஓர் அங்குலம் குனிந்தாலே அடங்குகிறது என்றால் வைசரில் சிறிய திருத்தம் போதும். டேங்க்கில் படுத்தால்தான் அடங்குகிறது என்றால், உயரமான வைசர் வாங்கும் எண்ணத்தை அன்றோடு விட்டுவிடலாம்.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதில்லை. எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். வைசரை முற்றிலும் கழற்றி வைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். மார்பில் காற்று பலமாக அடிக்கும்; அதைப் பொருட்படுத்தாமல் தலையை மட்டும் கவனியுங்கள். உலுக்கல் போய்விட்டால் குற்றவாளி வைசரின் விளிம்பு. அப்போதும் இருந்தால், காற்று கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறது, அல்லது ஹெல்மெட்டிலேயே குறை இருக்கிறது. செலவே இல்லாத இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டியவர்கள் ஏராளம்.

கண்ணால் பார்க்க விரும்பினால், கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, வைசரின் மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் டேங்க்கின் தோள்களிலும் டேப்பால் ஒட்டுங்கள். நண்பர் ஒருவர் இன்னொரு வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து பக்கத்திலிருந்து கைபேசியில் படம் எடுக்கட்டும். நூல் பின்னோக்கி நேராக நின்றால் அங்கே காற்று ஒழுங்காக ஓடுகிறது; சுழன்று ஆடினால் அங்கே சுழல்; முன்னோக்கித் திரும்பி நின்றால் காற்று எதிர்த்திசையில் இழுக்கப்படுகிறது. வைசரின் உட்புறத்தில் ஒட்டிய நூல்கள் பெரும்பாலும் முன்னோக்கி நிற்பதைக் காண்பீர்கள். காற்று உங்கள் மார்பிலிருந்து வைசரை நோக்கித் திரும்பி ஓடுவதையும், மேலே சொன்ன அழுத்தக் குறைவையும் இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இனித் திருத்தங்கள். வைசரை வெட்டுவதற்கும் மாற்றுவதற்கும் முன்னால், அதன் அடிப்பகுதியில் காற்றுக்கு ஒரு வழி விட்டுப் பாருங்கள். வைசரும் ஃபேரிங்கும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தால், பின்னால் உள்ள வெற்றிடம் நிரம்ப வேறு வழியில்லை. அது மேல்விளிம்புக் காற்றைத்தான் உறிஞ்சும். அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதன் வழியே நுழையும் காற்று வைசரின் உட்புறத்தை ஒட்டி மேலே ஏறி, வெற்றிடத்தை நிரப்பி, மேல்விளிம்பை விட்டு வரும் காற்றோடு ஒரே திசையில் போய்ச் சேரும். இரண்டு காற்றுகளின் வேக வேறுபாடு குறைவதால் சுழல்களின் ஆவேசமும் குறையும். நெடுந்தூர வண்டிகள் பலவற்றின் வைசர் அடியில் திறப்பு விட்டிருப்பது இதற்காகத்தான். அழகுக்காக என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை எளியது. வைசரின் திருகாணி ஒன்றைக் கழற்றிக்கொண்டு ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போனால், அதே துளை அளவில் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு நைலான் புஷ் (திருகாணியைச் சுற்றி மாட்டும் சிறு குழாய்) கடைந்து கொடுத்துவிடுவார்கள். திருகாணிகளையும் அதே அளவு நீளமாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி ஒரு மழைக்காலம் கடந்ததும் துருப்பிடித்துக் கழற்ற வராது. திருகாணித் தலைக்கும் வைசருக்கும் நடுவே ரப்பர் வாஷர் இருக்க வேண்டும், கையால் திருகி நின்ற பிறகு ஒரு சிறு திருப்பு போதும். கழன்றுவிடுமோ என்று பயந்து திருகாணியில் த்ரெட்லாக் பசை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஆகிய பிளாஸ்டிக்குகளில் அது பட்டால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் கிளம்பி, ஒருநாள் வைசர் காற்றோடு போய்விடும். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் அதே கெடுதலைச் செய்யும்.

எல்லாத் திருகாணிகளிலும் சம அளவு புஷ் போட்டால் சாய்வு மாறாமல் வைசர் முன்னே நகரும். கீழ்த்திருகாணிகளில் மட்டும் போட்டால் அடிப்பகுதி முன்னே தள்ளப்பட்டு வைசர் இன்னும் படுத்துக்கொள்ளும். மேல் திருகாணிகளில் மட்டும் போட்டால் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்த வைசர் காற்றை உயரமாக எறிந்தாலும், விளிம்பில் காற்று கூர்மையாக முறிவதால் சுழல்கள் கடுமையாக இருக்கும்; படுத்த வைசரில் காற்று வழுக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பும். உங்களைப் போன்று உயரமானவர்களுக்கு முதலில் எல்லாவற்றிலும் சமமாகப் போட்டுப் பார்த்து, பிறகு கீழே மட்டும் கூடுதலாக ஒரு வாஷர் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். புஷ், ஹெல்மெட், ஜாக்கெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது பலன் தந்தது என்று தெரியாமல் திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடைவெளி விட்டும் மிச்சம் இருந்தால் உயரத்தைக் குறையுங்கள். உங்களிடம் பழைய வைசர் பத்திரமாக இருக்கிறது என்றால் அதைப் புஷ்களோடு மாட்டிப் பார்ப்பதே முதல் வேலை. அதிலேயே பிரச்சினை முடிந்துவிடும் வாய்ப்பு பெரிது. புதிய வைசரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஒரு தடவைக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வெட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் கடைகளில் பல் நெருக்கமான வாளால் வெட்டி, விளிம்பை உருட்டித் தேய்த்துக் கொடுப்பார்கள். வெட்டும் இடத்தின் இருபுறமும் டேப் ஒட்டிக்கொண்டு போனால் கீறல் விழாது. விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது, விபத்தில் கழுத்துக்கு அருகில் இருக்கப் போகும் பொருள் அது. சூடேற்றி விளிம்பை வளைக்கலாம் என்று யாராவது சொன்னால், வைசர் எந்தப் பொருளால் ஆனது என்று முதலில் கேளுங்கள். அக்ரிலிக் சூட்டில் ஒழுங்காக வளையும். பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருப்பதால், உலர்த்தாமல் சூடேற்றினால் உள்ளுக்குள் குமிழ் குமிழாகப் பொங்கி, பார்க்கவே முடியாததாகிவிடும்.

விளிம்பின் மேல் கவ்வி நிற்கும் சிறிய துண்டு வைசர்கள் கிடைக்கின்றன. அவை உயரத்தைக் கூட்டுவதால் மட்டும் பயன்படுவதில்லை. துண்டுக்கும் வைசருக்கும் நடுவே உள்ள சந்து வழியாக ஓடும் காற்று, முன்பு சொன்ன அடித்திறப்பின் வேலையை மேலே செய்கிறது. குனிந்து பார்த்தபோது ஓரிரு அங்குலத்தில் அமைதி கிடைத்தவர்களுக்கு இது ஏற்றது. வாங்குவதற்கு முன், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட்டில் அதே அளவில் ஒரு துண்டை வெட்டி, டக்ட் டேப்பால் உறுதியாக ஒட்டி, 60-ஐத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்தால் பலன் உண்டா என்று தெரிந்துவிடும்.

வைசரைக் கழற்றிய சோதனையிலும் உலுக்கல் நின்றிருக்கவில்லை என்றால் கீழே பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக் குழாய்களுக்கு நடுவே நுழையும் காற்று டேங்க்கின் மேல் ஏறித் தாடைக்குக் கீழே வந்து சேர்வது உண்டு. முழங்கால்களை டேங்க்கோடு ஒட்டிக்கொண்டு ஓட்டும்போதோ, டேங்க் பை ஒன்றை வைத்து ஓட்டும்போதோ வித்தியாசம் தெரிந்தால் அதுதான் வழி. ஃபோர்க்கின் இருபுறமும் சிறிய தடுப்பு வைக்கலாம். ஆனால் ஹேண்டிலைக் கடைசிவரை இருபக்கமும் திருப்பிப் பார்த்து, கேபிளிலோ பிரேக் குழாயிலோ உரசவில்லை என்பதை உறுதி செய்த பிறகே சாலைக்குப் போக வேண்டும். பெரிய தடுப்பு எதையும் ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள்; ஃபேரிங் வண்டியின் சட்டத்தில் நிற்பதால் அதன்மேல் விழும் காற்று ஹேண்டில் திரும்புவதைப் பாதிப்பதில்லை, ஹேண்டில்பாரில் நிற்பது நேராகப் பாதிக்கும்.

ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலையைவிடப் பொருத்தம் முக்கியம். தாடைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்து இடவலமாகத் திருப்பும்போது கன்னத்துத் தோல் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் கன்னத்துப் பஞ்சு தேய்ந்துவிட்டது அல்லது அளவு பெரிது. தளர்ந்த ஹெல்மெட்டில் சிறிய சுழல்கூடப் பெரிய ஆட்டமாகத் தெரியும். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள, உடைந்தோ கீழே விழுந்தோ அடிபடாத எந்த முழுமுக ஹெல்மெட்டும் உங்கள் தேவைக்குப் போதும். மேலே கொக்கு மூக்கு போல நீளும் முகடு உள்ளதை மட்டும் தவிருங்கள், நெடுஞ்சாலைக் காற்று அதைப் பிடித்துத் தூக்கும். தாடைக்கு அடியில் துணித் தடுப்பு ஒன்று பொருத்தினால் கீழிருந்து வரும் இரைச்சல் கணிசமாகக் குறையும். முதுகுப்பையின் வார் முனைகளையும் காலரையும் அடக்கிக் கட்டுங்கள். ஹெல்மெட்டைத் தட்டுவது காற்று என்று நினைத்தால் சில வேளை அது வாரின் நுனியாக இருக்கும்.

காது இரைச்சலைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உலுக்கல் முழுதும் நின்றாலும் இரைச்சல் நிற்காது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலுக்கு மேல் போவது சாதாரணம். நாள் ஒன்றுக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் தொழிலிடப் பாதுகாப்பில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்தான். போக வர உங்கள் பயணம் அதைத் தாண்டிவிடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் காற்றின் இரைச்சலை மட்டுப்படுத்தும், ஹாரன் சத்தம் கேட்கத்தான் செய்யும். காதில் இரைச்சல் தங்கும் நிலை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஓய்வுநாளிலும் அது தொடர்ந்தால் காது மருத்துவரைப் பார்ப்பதை ஒத்திப்போடாதீர்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் நிறுத்தி வைக்கும் வண்டிகளின் வைசர் மேல் சாம்பலும் கரித்தூளும் உப்பும் சேர்ந்து படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் தூளே உப்புத்தாளாகிக் கீறிவிடும். முதலில் நீரூற்றி ஊறவிட்டு, குளியல் சோப்பு நுரையால் கையாலேயே வழித்துக் கழுவுங்கள். அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்கள் இந்தப் பிளாஸ்டிக்குகளுக்கு ஆகாது.

கடைசியாக, வைசரால் தீராத பகுதி எது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இல்லாத குறையைத் தேடிப் புஷ்ஷை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். வைசருக்குத் தெரிவது ஸ்பீடாமீட்டரின் வேகம் அன்று, காற்றின் வேகம். 80-இல் போகும்போது எதிர்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் ஹெல்மெட்டுக்கு அது 100. அடியின் வலிமை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் நீங்கள் வடக்கே போகும்போது மேற்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். மாலையில் தெற்கே திரும்பும்போது கடற்காற்றும் இடப்பக்கத்திலிருந்தே வரும். ஆகவே அந்தப் பருவத்தில் இடக்காதில் மட்டும் இரைச்சல் கூடுவதும், ஹெல்மெட் ஒருபக்கமாகத் திருகப்படுவதும் வைசர் கோணலாக மாட்டப்பட்டதன் அறிகுறி அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று காலைப் பயணத்தில் வலமுன்புறத்திலிருந்து மோதும். அப்போது வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

லாரிகளும் அப்படித்தான். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து வரும் கன்டெய்னர் டிரெய்லரின் பின்னால் கலங்கும் காற்று பல வண்டி நீளத்துக்கு நீண்டு கிடக்கும். அதற்குள் நின்றுகொண்டு ஓட்டினால் எந்த வைசரும் எந்த ஹெல்மெட்டும் உதவாது. நன்றாகப் பின்தங்கி வாருங்கள். கடப்பதானால் தயங்காமல் கடந்துவிடுங்கள், டிரெய்லரின் முன்முனையைத் தாண்டும் கணத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதை எதிர்பார்த்துக் கையைத் தளர்வாக வைத்திருங்கள். காற்றில்லாத விடியற்காலையில், முன்னே லாரி இல்லாத சாலையில், 80-இல் போகும்போது முன்வண்டியின் எண் பலகை அதிராமல் படிக்க வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வைசரில் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, ஸ்பேனரை உள்ளே வைத்துவிடலாம்.